கிளட்சைப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்

கேள்வி: 2009இல் பதிவான நிசான் ஸ்கைலைன் கூபே 370ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேனுவல் கியர், 49,000 சிங்கப்பூர் வெள்ளி. பத்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயில் (வாகன உரிமைச் சான்றிதழில்) மூன்றரை ஆண்டு மிச்சம். என்னிடம் மேனுவலும் ஓட்டக்கூடிய கிளாஸ் 3 உரிமம் உண்டு. "இவ்வளவு பழைய காடி (கார்) எதற்கு?" என்கிறார் மனைவி. இரண்டு பிள்ளைகள். வாங்கலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: முதலில் கணக்கு. 49,000ஐ மூன்றரையால் வகுத்தால் ஆண்டுக்கு 14,000 வெள்ளி. சிஓஇ புதுப்பித்த காடிக்கு பார்ஃப் கழிவு (பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் தொகை) கிடையாது, அதனால் கடைசியில் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய இரும்பு விலைதான். 3,696 சிசி எஞ்சினுக்குச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 3,474 வெள்ளி. 14 வயதைத் தாண்டிவிட்டதால் அதன்மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம். ஆக 5,210. இரண்டையும் சேர்த்தால் மாதம் 1,600 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்தக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்தான். கடன் வாங்கினாலும் மூன்றரை ஆண்டுக்குள் அடைத்தாக வேண்டும். பொதுச் சந்தை மதிப்பு (இறக்குமதியின்போது சுங்கத்துறை கணிக்கும் மதிப்பு) 20,000 வெள்ளியைத் தாண்டிய வாகனத்துக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் கடனும் கிடைக்காது. அதாவது கையிலிருந்து 19,600 போட வேண்டும். இந்தத் தொகைகள் உங்களுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

கட்டுப்படியாகும் என்றால், மேனுவல் கூபே தேடுபவருக்கு இது நல்ல தேர்வுதான். 333 குதிரைத்திறன், ஆறு கியர், உள்ளே நிதானமான சொகுசு. லெக்சஸ் எஸ்சி430 பார்க்க அழகு, ஆனால் அதில் மேனுவலே வரவில்லை. பதிவாகி மூன்று ஆண்டு கடந்த காடியை இங்கே இறக்குமதி செய்யவும் முடியாது. ஏற்கெனவே தீவில் ஓடிக்கொண்டிருப்பவற்றில்தான் பொறுக்கியெடுக்க வேண்டும். அவை மிகக் குறைவு. விற்பவருக்கும் அது தெரியும்.

இந்த மாடலின் பலவீனமான இடம் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர். முந்தைய தலைமுறை 350ஜிடியில் அது கியர்பெட்டிக்கு வெளியே இருந்தது, எளிதாகக் கழற்றி மாட்டிவிடலாம். இதிலோ கியர்பெட்டிக் கூட்டுக்குள், தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. உடல் பிளாஸ்டிக். சூட்டிலும் கிளட்ச் தூசியிலும் சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். மாலை நெரிசலில் மிதித்த பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வராது. அதை மாற்றக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும். இறக்கிய கையோடு கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பின்பக்க கிராங்க் சீல் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினோடு சுழலும் இரட்டை எடை ஃபிளைவீலில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மாதிரியே பிளாஸ்டிக்கைத் திரும்பப் போடாமல், உலோக உடல் கொண்ட மாற்றுப் பாகமோ, சிலிண்டரை வெளியே கொண்டுவரும் கிட்டோ போடுவது நல்லது.

சோதிக்கும் விதம் இது. கிளட்ச் எண்ணெய்க் குப்பியைத் திறந்து பாருங்கள், கருத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கியபின், தட்டையான இடத்தில் முதல் கியர் போட்டு பெடலை முழுதாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். காடி மெல்ல முன்னே நகர்ந்தால் ஸ்லேவ் சிலிண்டரோ, பெடலோடு இணைந்து அதற்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரோ போய்க்கொண்டிருக்கிறது. ரிவர்ஸ் போடும்போது கரகரத்தாலும் அதே சந்தேகம்தான். பிறகு விரைவுச்சாலையில் நான்காம் கியரில் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். எஞ்சின் சுழற்சி முள் ஏறி, காடியின் வேகம் ஏறாவிட்டால் தட்டு தேய்ந்துவிட்டது.

அடுத்தது எஞ்சின் எண்ணெய் அழுத்தம். இந்தக் காடியின் விகியூ37 எஞ்சினில், முன்பக்கச் செயின் உறைக்குப் பின்னால் எண்ணெய் வழிகளை மூடும் கேஸ்கெட் ஆரம்ப ஆண்டுகளில் காகிதத்தால் ஆனது. அது பிளந்தால் அழுத்தம் விழும், வால்வுகளை இயக்கும் கேம் நேரம் தவறும், எச்சரிக்கை விளக்கு எரியும். பின்னாளில் நிசானே உலோகத்துக்கு மாறியது. டாஷ்போர்டை நம்பாமல், பட்டறையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: நன்றாகச் சூடான எஞ்சினில், ஐடிலில் குறைந்தது 14 பிஎஸ்ஐ, 2,000 சுழற்சியில் 43 பிஎஸ்ஐ வர வேண்டும். கேஸ்கெட் ஏற்கெனவே மாற்றியிருந்தால் ரசீது கேளுங்கள். வாட்டர் பம்பும் அதே உறைக்குள் செயினில்தான் ஓடுகிறது. திறக்க நேர்ந்தால் அதையும் மாற்றிவிடலாம், கூலி மிச்சம்.

மைலேஜ் குறைவு என்று விற்பவர் சொல்வதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். நெரிசலில் ஓடிய 80,000 கிலோமீட்டர் கிளட்சுக்கு, விரைவுச்சாலையில் ஓடிய 1,50,000ஐவிடக் கொடுமை.

முக்கியமான இன்னொன்று: ஆட்டோவாக வந்து மேனுவலாக மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். கியர்பெட்டி மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தாள் இல்லையென்றால் விலகிவிடுங்கள். சத்தமான புகைபோக்கிக்கும் இதே விதி. பத்து வயது கடந்த காடிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, அங்கே மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ நிசான் ஸ்கைலைன் பார்த்துப் பழகிய இரண்டு பட்டறைகளில் கிளட்ச் வேலைக்கும் கேஸ்கெட் வேலைக்கும் தனித்தனியாக எழுத்தில் விலை வாங்குங்கள். ரசீது இல்லாத வேலை எதுவோ, அந்தத் தொகையை 49,000இலிருந்து கழித்துப் பேசுங்கள். விற்பவர் இறங்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றரை ஆண்டு என்பது நாளுக்கு நாள் குறையும் சரக்கு, காத்திருந்தால் நட்டம் அவருக்குத்தான்.

உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். இருக்கைகள் நான்குதான், கதவுகள் இரண்டுதான். பிள்ளைகள் 1.35 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் சட்டப்படி சிறார் இருக்கையோ பூஸ்டரோ வேண்டும். வீட்டில் இருப்பதை எடுத்துப்போய்ப் பின்னால் வைத்து, முன் இருக்கையை மடக்கி, பிள்ளையை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். மனைவி அதன் பிறகும் முகம் சுளிக்கவில்லையென்றால் அழுத்தமானியோடு பட்டறைக்குப் போகலாம்.