‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா: எதை வைத்து முடிவு செய்வது?

“ஆங்கிலத்தில் உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஆன்’ (an), மற்றவற்றுக்கு ‘எ’ (a) என்று பள்ளியில் படித்தோம். யுனிவர்சிட்டிக்கு ‘எ’, ஹவருக்கு ‘ஆன்’ என்கிறார்களே, ஏன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பெல்லிங்கை மறந்துவிடுங்கள். அடுத்து வரும் சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். உயிரொலி என்றால் ‘ஆன்’, மெய்யொலி என்றால் ‘எ’. ஐந்து எழுத்தை மனப்பாடம் செய்யவைத்ததுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

குன்னூரில் டாக்சி ஓட்டுநர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் வழி: அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரா, உயிர்மெய்யா? ‘யூகலிப்டஸ்’ என்பதில் முதலில் நிற்பது ‘யூ’, அதாவது ய் என்ற மெய்யோடு ஊ. ஆகவே ‘எ யூகலிப்டஸ் ட்ரீ’. நாமும் ‘ஓர் ஊர்’, ஆனால் ‘ஒரு யானை’ என்றுதானே எழுதுகிறோம், அதே கணக்கு. ‘வன்-டே ட்ரிப்’புக்கும் ‘எ’தான். ஹவரில் எச் ஊமை. வாயில் வருவது ‘அவர்’, அதனால் ‘ஆன்’.

எங்கள் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. தேயிலை, காப்பி போன்ற தோட்டங்களின் முதலாளிகள் சங்கமான உபாசி. அதன் முழுப்பெயர் ‘யுனைட்டெட்’ என்று தொடங்கும், அதற்கு ‘எ’. சுருக்கி ‘உபாசி’ என்று சொன்னால் ‘ஆன் உபாசி மீட்டிங்’. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து யு தான்! மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறதே, அந்த நீராவி எஞ்சின் எக்ஸ் கிளாஸ். ஆங்கில எக்ஸ் மெய்யெழுத்துதான், ஆனால் சொல்லும்போது எ என்ற உயிரொலியில் தொடங்குகிறது. ஆகவே ‘ஆன் எக்ஸ் கிளாஸ் எஞ்சின்’. எம்.எல்.ஏ.வுக்கும் இதேதான்.

சரி, இந்த வழி எங்கே காலை வாரும்? நம் நாக்கில்தான். எஸ்டேட்டை நாம் ‘யெஸ்டேட்’ என்போம், எஞ்சினியரை ‘யெஞ்சினியர்’ என்போம். அந்த ய் நாம் சேர்ப்பது, ஆங்கிலத்தில் கிடையாது. ‘ஆன் எஸ்டேட்’ தான் சரி. ஸ்கூலுக்கு முன்னால் ஓர் இ சேர்த்து ‘இஸ்கூல்’ என்பவர்களுக்கு ‘ஆன்’ போடத் தோன்றும். அதுவும் வேண்டாம், ‘எ ஸ்கூல்’. இந்த இரண்டிலும் எழுதிப் பார்த்தால் தப்பிக்கலாம். ஓட்டலில் மட்டும் எழுத்தும் ஏமாற்றும், எச்சை நாம் எழுத்திலேயே விட்டுவிட்டோமே. ஆங்கிலத்தில் ‘எ ஹோட்டல்’. (பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘ஆன்’ பார்த்தால் பதற வேண்டாம், அப்படியும் எழுதினார்கள்.)

இன்னொன்று, பெயர்ச்சொல் எது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். ஒட்டி நிற்கும் சொல்தான் முக்கியம். ‘ஆன் அம்ப்ரெல்லா’, ஆனால் ‘எ பிளாக் அம்ப்ரெல்லா’. ‘எ ஹவுஸ்’, ஆனால் ‘ஆன் ஓல்ட் ஹவுஸ்’. வகுப்பில் அதிகம் சறுக்குவது இங்கேதான், யூகலிப்டஸில் இல்லை.

அப்புறம், தைம், ரோஸ்மேரி போன்ற மூலிகைச் செடிகளை (ஆங்கிலத்தில் ஹெர்ப்) காட்டும் வழிகாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துக்காரர் ‘எ ஹெர்ப்’ என்பார், அமெரிக்கர் எச்சை விழுங்கி ‘ஆன் எர்ப்’ என்பார். அவரவர் உச்சரிப்புக்கு அவரவர் சொல்வது சரி. நீங்கள் எச்சைச் சொல்பவர் என்றால் ‘எ’ போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.