காஸாப்ளாங்கா: நடித்தவர்கள், தப்பி வந்தவர்கள்

1942இல் வந்த ‘காஸாப்ளாங்கா’ படத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: படம் பார்த்ததில்லை. கதை என்ன?

ஹிட்லரிடமிருந்து தப்பியவர்கள் மொராக்கோவின் காஸாப்ளாங்கா நகரில் விசாவுக்குக் காத்துக் கிடக்கிறார்கள். அங்கே மதுவிடுதி நடத்தும் ரிக் (ஹம்ப்ரி போகார்ட்) முன்னால், பாரிஸில் அவன் காதலித்த இல்ஸா (இங்க்ரிட் பெர்க்மன்) வந்து நிற்கிறாள், கணவனோடு. கணவன் லாஸ்லோ (பால் ஹென்ரீட்) நாஜிகள் தேடும் போராளி. ஊரைவிட்டுப் போக இரண்டு அனுமதிக் கடிதங்கள் ரிக்கிடம் இருக்கின்றன. மீதியைப் படத்தில் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியாகவே பாருங்கள். பிறகு வண்ணம் பூசியது வேண்டாம்.

கேள்வி: ‘ப்ளே இட் அகெய்ன், சாம்’ எந்தக் காட்சியில் வருகிறது?

எந்தக் காட்சியிலும் இல்லை. ரிக்கின் விடுதியில் பியானோ வாசிக்கும் சாமிடம் இல்ஸா சொல்வது ‘ப்ளே இட், சாம்’ என்றுதான்.

கேள்வி: சாம் நிஜமாகவே பியானோ வாசிப்பவரா?

இல்லை. சாமாக நடித்த டூலி வில்சன் டிரம்ஸ் கலைஞர். குரல் அவருடையது, வாசிப்பு வேறொருவருடையது. அவர் பாடும் ‘ஆஸ் டைம் கோஸ் பை’யும் 1931இலேயே வந்த பழைய பாட்டு.

கேள்வி: பிரெஞ்சு தேசிய கீதம் பாடும்போது அழுகிற பெண் யார்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் மட்லேன் லெபோ. 1940இல் ஜெர்மானியர் பாரிஸை நெருங்கியபோது, கணவர் மார்செல் டாலியோவோடு லிஸ்பன் வழியாகத் தப்பியவர். கையில் இருந்த சிலி நாட்டு விசா போலி என்று வழியில் தெரிந்தது. கனடாவின் தற்காலிகப் பாஸ்போர்ட்டில்தான் அமெரிக்கா சேர்ந்தார்கள். டாலியோவும் இந்தப் படத்தில் இருக்கிறார், சூதாட்ட மேசை எமில். பிரான்ஸில் பெரிய நடிகர். ‘யூத முகம் இப்படித்தான் இருக்கும்’ என்று நாஜிகள் அவர் படத்தைச் சுவரொட்டியில் போட்டார்கள்.

பரிமாறும் கார்லாக வரும் எஸ்.இசட். சகால், ஹங்கேரிய யூதர். அவருடைய மூன்று சகோதரிகள் வதைமுகாம்களில் இறந்தார்கள். நாஜி மேஜராக நடித்த கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். டைட்டிலில் பெயர் வந்த 14 பேரில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். இப்போது அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: துணை நடிகர்களை இவ்வளவு தூக்கிப் பிடிப்பானேன்? படம் நின்றது போகார்ட்டால்தான்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆஸ்கரில் படம், இயக்கம், திரைக்கதை மூன்றுக்கும் விருது கிடைத்தது. நடிப்புக்கு ஒன்றுகூட இல்லை.

கேள்வி (அதே நண்பர்): போகார்ட் பெயர் பரிந்துரையில் இருந்ததே!

இருந்தது. போலீஸ் அதிகாரியாக வரும் கிளாட் ரெய்ன்ஸ் பெயரும் இருந்தது. போகார்ட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கீதக் காட்சியில் அவர் செய்வது இசைக்குழுவைப் பார்த்து லேசாகத் தலையசைப்பது மட்டும். அதற்குப் பின் விடுதியே எழுந்து பாடுகிறதே, அந்தப் பாட்டில் ஊரை இழந்தவர்களின் குரல் இருக்கிறது. அவர்கள் இடத்தில் வேறு ஆட்களை நிறுத்தினால் இது நல்ல காதல் படம், அவ்வளவுதான்.

கேள்வி: ‘அகெய்ன்’ வசனத்தை நானே கேட்டிருக்கிறேன்...

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: மொராக்கோவில் எங்கே எடுத்தார்கள்?

அங்கே எடுக்கவே இல்லை. கலிபோர்னியாவில், பெரும்பாலும் வார்னர் ஸ்டூடியோவுக்குள். இன்று அந்த ஊரில் இருக்கும் ‘ரிக்ஸ் கஃபே’ படத்தைப் பார்த்து 2004இல் திறந்தது.

கேள்வி: வண்ணப் பிரதி மட்டும்தான் கிடைக்கிறது. பார்க்கலாமா?

பொறுத்திருங்கள். பெர்க்மன் கண்ணில் மின்னும் ஈரம் கறுப்பு வெள்ளைக்காக வைத்த ஒளி. சாயத்தில் அது செத்துப்போகும்.

கேள்வி: நடித்தவர்களில் யாராவது இருக்கிறார்களா?

டைட்டிலில் பெயர் வந்தவர்களில் கடைசியாக மறைந்தவர் மட்லேன் லெபோ, 2016 மே மாதம். அந்தப் பாட்டைப் பாடியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.