ஒளி இன்குபேட்டரில் விளக்கு எரியும்போது மட்டும் வெப்பம் ஏறுகிறது: பழுது எங்கே?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். செடி வளர்க்கும், விளக்கு பொருத்திய குளிர்பெட்டியான ஒளி இன்குபேட்டரை 22 டிகிரியில் வைத்தால், விளக்கு எரியும் நேரத்தில் 25-ஐத் தாண்டுகிறது. இருட்டு நேரத்தில் சரியாக நிற்கிறது. வார இறுதியில் நிலைமை இன்னும் மோசம். பெட்ரி தட்டுகளின் மூடியெங்கும் நீர்த்துளிகள். குளிர்விக்கும் கேஸ் குறைந்திருக்கும், நிரப்பச் சொல்லுங்கள் என்கிறார்கள். அதுதான் காரணமா?

பதில்: கேஸ் நிரப்ப அவசரப்படாதீர்கள். வாயு பெருமளவு கசிந்திருந்தால் இருட்டு நேரத்திலும் 22-ஐப் பிடித்து நிறுத்த முடியாது. உங்கள் கம்ப்ரசர் வேலை செய்கிறது. விளக்குகள் கொட்டும் வெப்பத்தை வெளியேற்றத்தான் அது திணறுகிறது. இத்தகைய பெட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஊரில் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் அது நிற்கும் அறையைச் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பம் கண்டென்சர் வழியாக அறைக் காற்றுக்குத்தான் போகிறது. எனவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பின்புறமோ அடிப்புறமோ உள்ள கண்டென்சர் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் தூசி படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் தகடுகள் வளையாமல் நீக்குங்கள். சுவரோடு ஒட்டி நிற்கிறதா, மேலே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். மீண்டும் இயக்கும் முன் ஐந்து நிமிடமாவது பொறுங்கள். உள்ளே அழுத்தம் சமனாகும் முன் கம்ப்ரசரைக் கிளப்புவது அதற்குக் கேடு.

வார இறுதிக்கும் இதே கணக்குத்தான். பல கட்டடங்களில் சனி, ஞாயிறுகளில் மையக் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுகிறார்கள். அறை 30 டிகிரியை நெருங்கும்போது, வெள்ளிக்கிழமை வரை சமாளித்த பெட்டி தோற்றுவிடும். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை, பெட்டிக்குள் ஒன்றும் அறையில் ஒன்றுமாக இரண்டு வெப்பப் பதிவுக் கருவிகளை வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறினால் காரணம் தெரிந்துவிடும்.

இனி மூடியில் கோக்கும் நீர். இதில்தான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மேல்தட்டின் அடியில் விளக்கு பொருத்தியிருந்தால், அந்தத் தட்டில் அடுக்கிய பெட்ரி தட்டுகள் கீழிருந்து சூடாகின்றன. உள்ளே செடி வளரும் கூழான அகார் சற்று வெதுவெதுப்பாகிறது, மூடியோ விசிறிக் காற்றில் குளிர்ந்தே இருக்கிறது. அகாரிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டு நீராகிறது. கம்பித் தட்டு ஒன்றைச் செருகி, பெட்ரி தட்டுகளுக்கும் விளக்குக்கும் இடையே காற்று ஓட வழி செய்யுங்கள், வெகுவாகக் குறையும். கதவையும் அடிக்கடி திறக்காதீர்கள். சிங்கப்பூரின் வெளிக்காற்று பொதுவாக 24 டிகிரி அளவிலேயே நீராகத் தொடங்கிவிடும் அளவுக்கு ஈரம் நிறைந்தது. குளிர்சாதனம் நின்ற அறைக்குள் வந்து, 22 டிகிரிப் பெட்டிக்குள் அது நுழைந்தால் நீர் சொட்டாமல் என்ன செய்யும்? கதவு ரப்பரில் ஒரு தாளை இடுக்கி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது.

திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது உணரி இருக்கும் இடத்தின் வெப்பம், உங்கள் செடி இருக்கும் இடத்தினுடையது அல்ல. சரிபார்த்த வெப்பமானியின் முனையை ஒரு சிறு குடுவை நீரில் அமிழ்த்தி, செடிகள் இருக்கும் தட்டிலேயே வைத்து, விளக்கு எரியும்போதும் அணைந்த பிறகும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒளியையும் அப்படியே அளக்க வேண்டும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குத் தேவை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்களின் அளவு. ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸுக்குச் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 100 முதல் 150 மைக்ரோமோல் வரை வழக்கம். நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்தால் வேறுபாடு உங்களுக்கே வியப்பாக இருக்கும். விளக்கின் ஒரு பகுதியை அணைத்தாலும் இந்த அளவு கிடைக்கிறது என்றால் தயங்காமல் அணையுங்கள், வெப்பச் சுமையும் குறையும். ஆர்க்கிட் நாற்றுகளானால் 25 டிகிரியே போதும். 1928-இல் சிங்கப்பூர் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) அதன் இயக்குநர் ஹோல்ட்டம் ஆர்க்கிட் கலப்பினப் பணியைத் தொடங்கிய காலம் முதல், கண்ணாடிக் குடுவைக்குள் நாற்று வளர்ப்பது இந்த ஊருக்குப் பழகிய கலை.

துடைப்பதற்கு ப்ளீச் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகையும் அது அரிக்கும். 70 சதவீத எத்தனால் போதும், ஆனால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆவி முழுவதும் அடங்கிய பின்னரே இயக்குங்கள். குளிர்விக்கும் சுருளில் பனிக்கட்டி படிந்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு பல மடங்கு. நிறுத்தி வைத்து உருகவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, அறை 24 டிகிரியில் இருக்கும்போதும் விளக்கு நேரத்தில் 25-ஐத் தாண்டினால் பராமரிப்பாளரை அழையுங்கள். அந்த இரண்டு பதிவுக் கோடுகளையும் அவரிடம் காட்டி, கேஸ் நிரப்பும் முன் கசிவைத் தேடச் சொல்லுங்கள். கசிவின்றி மூடிய குழாய்ச் சுற்றில் வாயு தானாகக் குறையாது.