டெஸ்ட் ஃபெயில் ஆனால் அதைத் தூக்கிவிட்டு இன்ஸ்டால் செய்யலாமா?

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04 இருக்கும் கம்ப்யூட்டர்களில் பைத்தான் 3.12 வேண்டும் என்று துறையில் கேட்டார்கள். சோர்ஸை இறக்கி கான்ஃபிகர் (கம்ப்யூட்டரில் வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பது), மேக் (பைத்தானைக் கட்டுவது) ஓட்டினேன். பிழை எதுவும் சொல்லாமல் முடிந்தது. ஒரு கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து பார்த்தால் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் கருவி) எதையும் இறக்க மறுக்கிறது. எஸ்எஸ்எல் (இணையத்தில் பாதுகாப்பாகப் பேசுவதற்கான) மாட்யூல் இல்லை என்கிறது. மேக் டெஸ்ட் ஓட்டினால் மூன்று டெஸ்ட் ஃபெயில்: டெஸ்ட்_யுஆர்எல்லிப்நெட், டெஸ்ட்_டைம்அவுட், டெஸ்ட்_அசிங்கையோ. கடைசியாகச் சொன்னது மட்டும் மறுபடி ஓட்டியபோது பாஸ் ஆனது. ப்ராஜெக்ட் சென்டர் வைத்திருக்கும் ஒருவர், "டெஸ்டை விட்டுத் தள்ளுங்கள், ரிமோட்டில் வந்து போட்டுத் தருகிறேன், ஒரு கம்ப்யூட்டருக்கு 500 ரூபாய்" என்கிறார். அவரிடம் கொடுத்துவிடலாமா? பழைய உபுண்டு 16.04 இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது.

பதில்: கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். எஸ்எஸ்எல் இல்லாதது உண்மையான கோளாறு. அந்த மூன்று ஃபெயில் அநேகமாகக் கோளாறே இல்லை. அவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விலை சொல்கிறார்.

கான்ஃபிகர் பிழையில்லாமல் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட் (டேட்டாபேஸ்), டிகே (திரையில் விண்டோ, படம் காட்டுவது) இவையெல்லாம் பைத்தானுக்கு 'இருந்தால் சேர்த்துக்கொள்வேன், இல்லாவிட்டால் போகட்டும்' வகை. இல்லை என்றால் கான்ஃபிகர் நிற்காது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும்போது நடுவில் 'மிஸ்ஸிங்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மேக் முடியும் இடத்தில் 'தேவையானவை கிடைக்கவில்லை' என்று ஒரு பட்டியல் வரும். அதையும் யாரும் படிப்பதில்லை. எஸ்எஸ்எல் இல்லாத பைத்தானை இந்தக் காலத்தில் எவன் கேட்டான்? பிப்பால் எதையும் இறக்க முடியாது. ஆனாலும் அது இன்னும் விருப்பத்துக்கு உட்பட்டதாகவே இருக்கிறது. இதற்கு வடிவமைப்பு ரீதியாகக் காரணம் சொல்வார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

சரி, எஸ்எஸ்எல்லுக்குப் பைத்தான் நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி உங்கள் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லையா? இருக்கிறது. உபுண்டுவோடே வந்துவிடுகிறது. ஆனால் உபுண்டுவும் டெபியனும் ஒவ்வொரு லைப்ரரியையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஓடுவதற்கான பாகம் தானாக வந்துவிடும். கம்பைல் செய்வதற்கான ஹெடர் கோப்புகள் 'டெவ்' என்று முடியும் வேறொரு பேக்கேஜில் இருக்கும். அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். லிப்எஸ்எஸ்எல்3 இருக்கிறது, லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லை. உங்கள் பிரச்சினையின் முதல் பாதி இவ்வளவுதான்.

அது ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அடுத்த வாரம் டிபிஎம்எஸ் லேபில் எஸ்க்யூலைட் இல்லை என்பார்கள். முதலாம் ஆண்டுப் பையன் டர்ட்டில் வரையப் போனால் டிகே இல்லாமல் நிற்பான். ஒரேயடியாக ஆப்ட் (உபுண்டுவின் பேக்கேஜ் கருவி) வழியாகப் போட வேண்டியவை: பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், லிப்எஸ்எஸ்எல்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், டிகே-டெவ். கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3' என்று ஒரே கட்டளையிலும் வரவழைக்கலாம். ஆனால் 22.04-இல் அதற்கு வேண்டிய 'டெப்-சோர்ஸ்' வரிகள் முன்கூட்டியே ஹேஷ் குறி போட்டு முடக்கப்பட்டிருக்கும். சோர்ஸைத் திறந்து வைத்திருப்பதுதான் பெருமை, அந்தச் சோர்ஸுக்கான வரியோ மூடி இருக்கும்!

போட்ட பிறகு மேக் மட்டும் மறுபடி ஓட்டினால் போதாது. 'இல்லை' என்ற பழைய முடிவு அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். மேக் டிஸ்ட்க்ளீன் கொடுத்து, கான்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டி, அப்புறம் மேக். டெர்மினலில் அனகோண்டா (சொந்த லைப்ரரிகளோடு வரும் வேறொரு பைத்தான் தொகுப்பு, சுருக்கமாகக் கோண்டா) ஆன் ஆகியிருந்தால் முதலில் அதை டீஆக்டிவேட் செய்யுங்கள். இல்லையென்றால் சிஸ்டம் லைப்ரரி பாதி, கோண்டாவின் லைப்ரரி பாதி என்று கலந்து, பிழைச் செய்தியை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாத நிலைமைக்குப் போகும்.

இன்ஸ்டாலுக்கு முன்பே, அதே ஃபோல்டரில் இருக்கும் 'டாட் ஸ்லாஷ் பைத்தான்' வழியாக எஸ்எஸ்எல்லை இம்போர்ட் செய்து அதன் பதிப்பை அச்சடிக்கச் சொல்லுங்கள். 22.04-இல் 'ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2' என்று வர வேண்டும். வந்துவிட்டால் முதல் பாதி முடிந்தது.

இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் மூன்று வைத்தியங்கள் கிடைக்கும், மூன்றும் விஷம். ஒன்று, பிப்புக்கு 'ட்ரஸ்டட்-ஹோஸ்ட்' கொடு என்பது. அது சான்றிதழ் சரிபார்ப்பைத் தளர்த்தும். மாட்யூலே இல்லாத இடத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை. இரண்டு, லிப்எஸ்எஸ்எல் கோப்பு ஒன்றை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி உள்ளே போடு, அல்லது 3-க்கு 1.1 என்று பெயர் வைத்து சிம்லிங்க் போடு என்பது. பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் மாறிவிடாது. மூன்று, யாரோ எழுதிய ஸ்கிரிப்டை கர்ல் வழியாக இறக்கி, படிக்காமலே சூடோ பேஷுக்கு, அதாவது ரூட் அதிகாரத்தோடு ஓடும்படி, தள்ளுவது.

'ரெடியாக பில்ட் செய்த பைத்தான்' என்று டெலிகிராம் குழுக்களிலும் பென்டிரைவிலும் சுற்றும் ஜிப்புகளையும் தொடாதீர்கள். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிக்கொண்டுவந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் நினைவிருக்கலாம். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி மந்தமாகிறதே என்று தோண்டப் போனார், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. அதன் சரக்கு ஒளிந்திருந்த இடம் டெஸ்டுக்கான மாதிரிக் கோப்புகள். அதை அவிழ்க்கும் வரிகள், அதிகாரப்பூர்வமாக வெளியிட்ட டார் கோப்பில் மட்டும் இருந்தன, சோர்ஸ் வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. உலகமே பார்க்கும் திட்டத்துக்கே இந்தக் கதி. ரிமோட்டில் வருபவர் என்ன போட்டுவிட்டுப் போகிறார் என்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆய்வகத்தின் ரூட் பாஸ்வேர்டு வேறு அவர் கையில் இருக்கும்.

இனி டெஸ்டுக்கு வருவோம். எல்லோரும் ஃபெயில் பட்டியலைப் பார்த்து பயப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது 'ஸ்கிப்ட்' பட்டியலை. எஸ்எஸ்எல் இல்லாதபோது டெஸ்ட்_எஸ்எஸ்எல் ஃபெயில் ஆகாது. 'மாட்யூல் இல்லை' என்று சொல்லி ஸ்கிப் ஆகிவிடும். பரீட்சைக்கே வராதவன் ஃபெயில் பட்டியலில் இருப்பானா? ஆப்சென்ட் பட்டியலில்தான் இருப்பான். ஆக, ஒரு டெஸ்ட்கூட ஃபெயில் ஆகாத பைத்தானிலும் எஸ்எஸ்எல் இல்லாமல் இருக்கலாம். உங்கள் பழைய டெஸ்ட் வெளியீடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். டெஸ்ட்_எஸ்எஸ்எல் அங்கே உட்கார்ந்திருக்கும். பட்டியலில் டெஸ்ட்_வின்ரெக், டெஸ்ட்_வின்சவுண்ட் போன்றவை இருந்தால் கவலை வேண்டாம், அவை விண்டோஸ் சமாச்சாரம். எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, எல்இசட்எம்ஏ, சிடைப்ஸ் இருந்தால் டிபெண்டன்சி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் அனுப்பிய மூன்று பெயர்களில் டெஸ்ட்_யுஆர்எல்லிப்நெட், டெஸ்ட்_டைம்அவுட் இரண்டும் வெளி உலகத்தோடு பேசும் டெஸ்டுகள். மேக் டெஸ்ட் நெட்வொர்க் சோதனைகளையும் சேர்த்தே ஓட்டும்; அவை பைத்தான்டெஸ்ட்.நெட் என்ற முகவரியைத் தேடிப் போகும். உங்கள் கல்லூரி ஃபயர்வால் அதை விடாது. தனியாக ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்: டாட் ஸ்லாஷ் பைத்தான், மைனஸ் எம் டெஸ்ட், மைனஸ் வி, டெஸ்டின் பெயர். இப்படி ஓட்டும்போது நெட்வொர்க் அனுமதி கொடுக்காததால் அது ஃபெயில் ஆகாமல் ஸ்கிப் ஆகும். 'மைனஸ் யூ நெட்வொர்க்' சேர்த்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து மறுபடி ஓட்டுங்கள். பாஸ் ஆனால் குற்றவாளி ஃபயர்வால், பைத்தான் அல்ல. அந்த முகவரியைத் திறந்துவிடச் சொல்லி கடிதம் எழுதலாம், துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து என்று அது போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த பதிப்பே வந்து பழசாகிவிடும். விட்டுவிடுங்கள், இன்ஸ்டாலுக்கு இது தடையில்லை.

மூன்றாவதாக டெஸ்ட்_அசிங்கையோ. முதல் தடவை தோற்று, மறுபடி ஓட்டியபோது பாஸ் ஆனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இத்தனை நேரத்துக்குள் பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் டெஸ்டுகள், பழைய டூயல் கோர் கம்ப்யூட்டர் திணறும்போது தோற்கும். இணையாக ஓட்டும் எண்ணிக்கையைக் குறைத்து ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும் சூடோவில் ஓட்டாதீர்கள். அனுமதி மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு, ரூட்டாக ஓடினால் எதுவுமே மறுக்கப்படாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போன்றவை ரூட் என்றாலே ஓட மறுத்துவிடும். சூடோ கடைசி இன்ஸ்டாலுக்கு மட்டும்.

லேபுக்கே உரிய இன்னொன்று: மதர்போர்டு பேட்டரி செத்துப்போன கம்ப்யூட்டர். தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். டார் பிரிக்கும்போது கோப்பின் நேரம் 'எதிர்காலத்தில்' இருக்கிறது என்று எச்சரிக்கும், மேக் 'க்ளாக் ஸ்க்யூ' என்று புலம்பும், சான்றிதழ் டெஸ்டுகள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று தோற்கும். ஒரு நாணய பேட்டரியோடு முடிகிற விஷயத்துக்கு ஆட்கள் சோர்ஸ் கோடைத் திருத்தப் போகிறார்கள்.

இப்போது உங்கள் 16.04. மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதில் லிப்எஸ்எஸ்எல்-டெவ் போட்டாலும் எஸ்எஸ்எல் வராது. அதில் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2, பைத்தான் 3.10 முதல் குறைந்தது 1.1.1 வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரைப் புதிதாக ஃபார்மட் செய்வதே நல்லது. முடியாது என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் சோர்ஸிலிருந்து கட்ட வேண்டும், ஆனால் சிஸ்டத்தில் இருப்பதன் மேல் அல்ல. ஆப்ட் ஃபோல்டருக்குள், அதாவது ஸ்லாஷ் ஓ-பி-டி-யில், தனி இடத்தில். கட்டும்போது இரண்டு விஷயம். 3.x பதிப்பு 64 பிட்டில் தன் கோப்புகளை 'லிப்64' ஃபோல்டரில் வைக்கும், பைத்தானின் கான்ஃபிகர் 'லிப்' ஃபோல்டரில் தேடும். எல்லாம் சரியாகச் செய்தும் 'கிடைக்கவில்லை' என்று வருவது இதனால்தான்; 'லிப்டிர் = லிப்' என்று கொடுத்துவிடுங்கள். அடுத்தது, 'ஓப்பன்எஸ்எஸ்எல்டிர்'-ஐ ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் எஸ்எஸ்எல் என்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் தன் சொந்தக் காலி ஃபோல்டரில் சான்றிதழ் தேடும். பிப் தன் சான்றிதழ்களைத் தானே கொண்டுவருவதால் ஓடிவிடும், நீங்களும் முடிந்தது என்று நினைப்பீர்கள். மாணவர் யுஆர்எல்லிப்பில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் 'சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்' வரும். நிறுவும்போது 'மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ' கொடுங்கள், சிஸ்டத்தின் கான்ஃபிக் கோப்பு மேல் கைவைக்காது. அப்புறம் பைத்தானின் கான்ஃபிகருக்கு 'வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்' என்று அந்த இடத்தைக் காட்டி, 'வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத் = ஆட்டோ' சேர்க்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் பில்ட் ஆகும், ஓடும்போது லைப்ரரியைக் கண்டுபிடிக்காது.

கடைசியாக இன்ஸ்டால். 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்'. முன்னது யுஎஸ்ஆர் லோக்கல் பின்னில் 'பைத்தான்3' என்ற பெயரைப் பிடித்துக்கொள்ளும். பின்னது 'பைத்தான்3.12' என்று மட்டும் வைக்கும். நீங்கள் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டரில் முன்னதைச் செய்துவிட்டீர்கள். அங்கே யுஎஸ்ஆர் லோக்கல் பின்னில் இருக்கும் பைத்தான்3, பிப்3 இரண்டையும் அழித்துவிட்டு டெர்மினலை மூடித் திறங்கள். யுஎஸ்ஆர் பின்னில் இருக்கும் பைத்தான்3 உபுண்டுவுடையது, அதைத் தொடாதீர்கள். அதை 3.12-க்கு மாற்றச் சொல்லி யாராவது 'அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ்' கட்டளை கொடுத்தால் அவரோடு பேச்சை நிறுத்துங்கள். ஆப்டின் சில கருவிகள் 'ஆப்ட்_பிகேஜி' இல்லை என்று நிற்கும், க்னோம் டெர்மினலே திறக்காது, 22.04-இல் அதைத் திறப்பதும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அப்புறம் திறக்காத டெர்மினலைத் திறக்கக் கட்டளை அடிக்க டெர்மினல் தேட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் செய்தும் வேறு டெஸ்ட் ஏதாவது ஃபெயில் ஆனால், வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து கான்ஃபிக்.லாகோடு அனுப்புங்கள். மேக் முடிகிற இடத்தில் வரும் 'எர்ரர் 2' வரியை மட்டும் மொபைலில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். அதில் ஒன்றும் இருக்காது. உண்மையான பிழை அதற்கு மேலே எங்கேயோ, முதல் தடவை 'எர்ரர்' என்று வந்த இடத்தில் இருக்கும்.