கையுறையை மறந்தால் பேரல் கெட்டுப்போகுமா?

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி செய்கிறேன். முந்தின வாரம் வரை நன்றாகத்தான் போனது. போன ஞாயிறு சுடும் ரேஞ்சுக்குப் போன பிறகுதான் கையுறை, குறி பார்க்காத கண்ணை மூடும் கண் மறைப்பு, காற்று நிரப்பும் அடாப்டர் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தது. ஒருவரிடம் கையுறை இரவல் வாங்கிச் சுட்டேன். 60 குண்டில் பாதிக்கு மேல் 9, 8, நடுநடுவே 7. குறி பார்க்கும் சைட்டைத் திருகித் திருகிப் பார்த்தும் சரியாகவில்லை. கடுப்பில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்ததில் சேஃப்டி ஃபிளாக்கும் (உள்ளே குண்டு இல்லை என்று காட்டப் பேரலில் செருகும் இழை) முன் சைட்டில் மாட்டும் வளையங்கள் இருந்த டப்பாவும் அங்கேயே நின்றுவிட்டன. ரேஞ்சில் ஒரு சீனியர், "பேரல் போச்சு, நல்ல பழைய ரைஃபிள் ஒன்று வாங்கித் தருகிறேன்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். போன வாரம் நன்றாகச் சுட்ட ஏர் ரைஃபிளின் பேரல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்விடாது. உள்ளே ஓடுவது மெத்தென்ற ஈயக் குண்டு, அதைத் தள்ளுவது வெறும் காற்று. வெடிமருந்துச் சூடு கிடையாது. பேரல் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் எதையாவது விற்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

உங்களைக் கவிழ்த்தது கையுறை. 10 புள்ளி வளையத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான், குண்டே 4.5 மில்லிமீட்டர். நீங்கள் வெட்கப்படும் அந்த 7 கூட, குண்டின் மையத்தைக் கணக்கில் எடுத்தால், நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் விழுந்ததுதான். இவ்வளவு நுணுக்கமான இடத்தில், ரைஃபிளைத் தாங்கும் கைக்குக் கீழே நாலைந்து மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? ரைஃபிள் இறங்கும், கழுத்து குனியும், கன்னம் ரைஃபிளின் கட்டையில் வேறு இடத்தில் படியும். உடம்பு இயல்பாக நோக்கும் இடமே மாறிவிடும். அதைச் சதையால் தூக்கிப் பிடித்துச் சுட்டிருப்பீர்கள். டிரிகரை அழுத்தும் நொடியில் சதை தளர்ந்தால் குண்டு தன்னிஷ்டத்துக்குப் போகும். கண் மறைப்பும் இல்லாததால் இடக்கண்ணை இடுக்கியிருப்பீர்கள், முகம் முழுக்க இறுக்கம். அதற்கு ஒரு வெள்ளைத் தாள் துண்டும் டேப்பும் போதுமாக இருந்திருக்கும்.

இரவல் கையுறையோடு சுட்டே ஆக வேண்டும் என்றால், நின்ற நிலையில் கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். முனை எங்கே நிற்கிறது? பக்கவாட்டில் விலகியிருந்தால் பாதத்தை நகர்த்துங்கள். மேலே கீழே என்றால் கையூன்றும் இடத்தை மாற்றுங்கள். சைட்டைத் தொடாதீர்கள். குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் மட்டும் நடுவிலிருந்து தள்ளியிருந்தால்தான் சைட்டைத் திருகலாம். சிதறி விழும்போது திருகுவது கடைசிக் குண்டைத் துரத்தும் வேலை. இப்போது உங்கள் சைட் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை உங்கள் சொந்தக் கையுறையோடு சைட்டர் (புள்ளியில் சேராத ஒத்திகைக் குண்டுகள்) சுட்டு, மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் சைட்டை எத்தனை கிளிக் திருகினீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

துப்பாக்கியின் பக்கம் ஒரே ஒரு சந்தேகத்துக்கு இடம் உண்டு. அடாப்டர் இல்லாததால் பழைய காற்றிலேயே 60 குண்டும் சுட்டிருக்கிறீர்கள். சிலிண்டரில் பெரும்பாலும் 200 பார் வரை நிரப்புகிறோம். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தம் கொடுக்கிறது. அதனால் 180 இருந்தாலும் 100 இருந்தாலும் குண்டின் வேகம் மாறாது. ஆனால் சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டால் ஒவ்வொரு குண்டும் முந்தினதைவிட மெதுவாகப் போகும், கீழே விழும். அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தம் மந்தமாகும். இடது வலது சரியாக இருக்கும், கீழ்நோக்கி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். அதுவும் கடைசிப் பகுதியில் மட்டும். முதல் சைட்டரிலிருந்தே கீழே விழுந்திருந்தால் காற்று காரணம் இல்லை. பக்கவாட்டிலும் சிதறியிருந்தால் காற்று மட்டுமே காரணம் இல்லை. எலக்ட்ரானிக் இலக்கு என்றால் ஒவ்வொரு குண்டும் வரிசையாகப் பதிவாகியிருக்கும். கடைசி 15 குண்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள், கூடவே சிலிண்டரின் முள் இப்போது எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

இன்னொன்று. அடுத்தவர் அடாப்டரை இரவல் வாங்கி முறுக்காதீர்கள். மரை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, பாதி ஏறியதும் இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, அதிலேயே நிரப்பிடலாம்" என்று ஆலோசனை சொல்லும் மகானுபாவர்களும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். உலர்ந்த சுத்தமான காற்று மட்டும்தான்.

சரி, அந்தச் சீனியர். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடம் கோணல் என்று சொல்பவர் கூடம் விற்பவர். மோசமான நாளில் மனம் நொந்து நிற்கும் ஆளைத்தான் இவர்கள் தேடுவார்கள். போன வாரம் நீங்கள் நன்றாகச் சுட்டபோது அவர் வாயே திறந்திருக்க மாட்டார். அவர் காட்டும் பழைய ரைஃபிளில் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள், அது செல்லுபடியாகும் என்று உறுதிசெய்வது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. மலிவாக வருகிறது என்று வாங்கியவர்கள் பலர் மறுநாளே புதுச் சிலிண்டருக்குத் தனியாகக் காசு கொடுத்திருக்கிறார்கள். வரிசை எண்ணும் காகிதங்களும் பொருந்தாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பேரலை நிஜமாகவே சந்தேகித்தால், உங்கள் ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, வழக்கமான அதே வகைக் குண்டில் 10 சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். நெருக்கமாக விழுந்தால் பேரலில் குறை இல்லை. அதற்கு முன்னால் அல்லென் கீயை எடுத்து, பின் சைட்டின் திருகும் கட்டையின் திருகுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

விட்டுவந்த பொருட்களுக்கு இன்றே போன் செய்யுங்கள். வளைய டப்பா தீப்பெட்டி அளவுகூட இருக்காது, மேசைக்கும் தடுப்புக்கும் நடுவே விழுந்தால் பெருக்குகிறவர் கைக்குத்தான் போகும். லேன் எண்ணையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். ஜாக்கெட்டின் தடிமனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள், சுவர் முழுக்க விதிகளை ஒட்டி வைக்கிறார்கள். ஆனால் விட்டுப்போன பொருளை வைக்க ஓர் அலமாரி போட எந்த ரேஞ்சுக்கும் தோன்றுவதில்லை. நேரம் முடிந்ததும் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறார், உட்கார்ந்து பெட்டி கட்ட ஒரு பெஞ்சும் கிடையாது. மறக்காமல் என்ன செய்வார்கள்?

டப்பா கிடைக்காவிட்டால், மாட்டியிருக்கும் வளையத்தில் பெரும்பாலும் அளவு அச்சாகியிருக்கும், அதே அளவில் வாங்குங்கள். அதுவரை சற்றுப் பெரிய வளையத்தில் சுட்டாலும் பாதகமில்லை. ஃபிளாக் இல்லாமல் மட்டும் லேனுக்குப் போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கான பளிச்சென்ற நைலான் இழை, பேரலின் முழு நீளத்தையும் தாண்டி இரண்டு பக்கமும் வெளியே தெரியும் அளவுக்கு வெட்டிக்கொண்டால் அதுவே ஃபிளாக். அதே நீளத்தில் இரண்டு வெட்டி, ஒன்றைக் கையுறைக்குள் சுருட்டி வையுங்கள்.