கே.ஜி.க்குள் ஒரு தோட்டம்

கேள்வி: பேத்தியை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறோம். கே.ஜி. என்றால் கிண்டர்கார்டன், அது ஜெர்மன் சொல் என்கிறான் மகன். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. 'கிண்டர்' குழந்தைகள், 'கார்ட்டன்' தோட்டம். உங்கள் ஊரில் தேயிலைத் தோட்டம் என்றால் தேயிலை வளர்கிற இடம்தானே, இதையும் அப்படியே குழந்தைகள் வளர்கிற இடம் என்று படியுங்கள். பெயர் வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல், சின்ன வயதில் வனத்துறை வேலை பழகியவர். 1837-ல் ஜெர்மனியின் துரிங்கியாவில், பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். பெயர்தான் அமையவில்லை, 'பள்ளி' என்ற சொல்லே அதில் வரக்கூடாது என்று நினைத்தார். 1840-ல் நண்பர்களோடு மலைப்பாதையில் பெயரை யோசித்துக்கொண்டே நடந்தவர், கீழே ஊர் தெரிகிற இடத்தில் சட்டென்று நின்று, கிடைத்துவிட்டது, கிண்டர்கார்ட்டன் என்று மலையெல்லாம் எதிரொலிக்கக் கத்தினாராம். கூட நடந்த பாரோப் எழுதி வைத்திருக்கிறார்.

இது வெறும் அழகுக்கு வைத்த பெயர் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி, எல்லோருக்குமாகப் பொதுப் பாத்தி, இதுதான் அவர் போட்ட திட்டம். நம் எல்.கே.ஜி.யில் மண் போய் நோட்டுப் புத்தகம் வந்துவிட்டது, எனக்கு அது பெரிய வருத்தம். அதுவும் உங்கள் பக்கம், வீட்டுக்குப் பின்னாலேயே கேரட்டும் பீட்ரூட்டும் விளைகிற ஊரில்! பேத்தியின் டீச்சரிடம் ஒரு பாத்தி கேட்டுப் பாருங்கள். கேரட் விரலளவு ஆவதற்குள் பிள்ளைகள் பிடுங்கிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், மறுபடி விதை போட்டால் போகிறது.

கேள்வி: கிண்டர்கார்டனைத் தடை செய்தார்களாமே, நிஜமா?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: நிஜம்தான். 1851-ல், அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு, நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறது என்று சொல்லித் தடை போட்டது. ஃப்ரோபலின் அண்ணன் மகன் கார்ல் எழுதியதை இவர் கருத்தாகக் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். மறுவருஷமே ஃப்ரோபல் இறந்துவிட்டார், தடை நீங்கியது 1860-ல். அதற்குள் சொல் கடல் தாண்டிவிட்டது. 1856-ல் மார்கரெத் ஷூர்ஸ் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஜெர்மன் பேசும் பிள்ளைகளுக்காக ஒன்று தொடங்கினார், 1860-ல் எலிசபெத் பீபடி பாஸ்டனில் ஆங்கிலத்திலேயே நடத்தினார். அப்போதும் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.