சென்சார் மாத்தியும் லைட் அணையலையா? முதல்ல அந்த மூணு வயரை பாருங்க

கேள்வி (குளச்சல்): அண்ணாச்சி, என்கிட்ட 2016 மாடல் டீசல் கார் ஒண்ணு இருக்கு. போன மாசம் செக் எஞ்சின் லைட் எரிஞ்சுது, பிக்கப் சுத்தமா இல்ல, சில நேரம் ஓடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிடும். ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டு பி0193 கோடு, ரயில் பிரஷர் சென்சார் (இன்ஜெக்டருக்கு டீசல் போற குழாய்ல பிரஷரை அளக்குறது) போயிட்டுன்னு சொல்லி மாத்தினாவ, லேபரோட 9,400 ரூபா. நாலு நாள் நல்லா ஓடிச்சு, அப்புறம் அதே லைட், அதே கோடு. இப்ப ஈசிஎம் (எஞ்சினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிருக்கு, 45,000 ஆகும்னு சொல்லுகாவ. பழைய சென்சாரை திருப்பித் தரல, பில்லும் இல்ல, ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தந்தாவ. ஈசிஎம் மாத்தலாமா?

பதில்: மாத்தாதீங்க. இப்போதைக்கு ஈசிஎம்முக்குன்னு ஒரு பைசா குடுக்காதீங்க, அட்வான்ஸ் கேட்டாலும் குடுக்காதீங்க. ஏன்னு விவரமா சொல்லுதேன், ஏன்னா இதே மாதிரி வாரத்துக்கு ரெண்டு பேராவது எழுதுறாங்க, எல்லாருக்கும் சேத்து இதுல சொல்லிடலாம்.

பி0193ன்னா ‘சென்சார் கெட்டுப் போச்சு’ன்னு அர்த்தமே கிடையாது. ரயில் பிரஷர் சென்சார் சர்க்யூட்ல வோல்டேஜ் கூடுதலா வருது, அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்லுது. சர்க்யூட்னா சென்சார், அதோட கப்ளர் (வயரை சென்சார்ல மாட்டுற பிளக்கு), அங்கேருந்து ஈசிஎம் வரைக்கும் போற மூணு வயரு, ஈசிஎம் பக்கத்து பின்னு, இது எல்லாம் சேந்தது. இதே குடும்பத்துல பி0192ன்னா வோல்டேஜ் குறைவு, பி0191ன்னா அளவு பொருந்தல. ஸ்கேனர் ஏரியாவை தான் காட்டும், வீட்டு நம்பரை நாமதான் தேடிப் போகணும்.

அந்த மூணு வயர்ல ஒண்ணு ஈசிஎம் அனுப்புற 5 வோல்ட், ஒண்ணு எர்த்து, ஒண்ணு சிக்னல். நல்லா இருக்கிற சென்சார் பெரும்பாலும் 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் நடுவுல தான் சிக்னல் தரும், பிரஷர் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். எர்த்து வயரோ சிக்னல் வயரோ அறுந்தா, பெரும்பாலான வண்டில ஈசிஎம்முக்கு உள்ளேருந்தே அந்த லைன் 5 வோல்ட் பக்கம் இழுத்துட்டுப் போயிடும், உடனே பி0193 விழும். அதாவது சென்சார் புத்தம்புதுசா இருந்தாலும் ஒரு எர்த்து வயர் போனா போதும், இதே கோடு வரும். உங்களுக்கு நாலு நாள் ஓடிட்டு திரும்ப வந்ததுக்கும் இது பொருந்துது, மாத்தும்போது கப்ளரை கழட்டி மாட்டினதுல பின்னு கொஞ்சம் உரசி காண்டாக்ட் கிடைச்சிருக்கும், ஆட்டத்துல திரும்ப விட்டுப் போயிருக்கும்.

எனக்கே இது நடந்துச்சு. முட்டத்துல அக்கா வீட்டுல ஒரு மழைக்காலம் பூரா வண்டி கடலப் பாத்து நின்னுச்சு, அப்புறம் இதே கம்ப்ளைன்ட், நானும் முதல்ல சென்சாருக்கு காசு குடுத்தேன், மூணாம் நாள் லைட் வந்துட்டு. கடைசில ஒரு வயரிங் பாக்குற தம்பி கப்ளரை கழட்டி டார்ச் அடிச்சு காட்டினான், உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஒரு ஓரத்துல கிழிஞ்சிருக்கு, மூணு பின்னுல ரெண்டு பளபளன்னு இருக்கு, ஒண்ணு மட்டும் பாசி புடிச்ச மாதிரி பச்சை. அது எர்த்து பின்னு. வயரை லேசா இழுத்தான், கையோட வந்துட்டு, செம்பு பூரா பொடிப்பொடியா போயிருந்துச்சு. நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசிலயும் மழை, குளச்சல் மணவாளக்குறிச்சி சின்னமுட்டம்னு கடலோரம் பூரா உப்புக்காத்து வேற. மேற்க ரப்பர் தோட்டப் பக்கமும் தென்னந்தோப்புப் பக்கமும் நிறுத்துற வண்டில எலி வயரை கடிச்சிருக்கும். அதனால இங்க சென்சார் கோடு வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது கப்ளரையும் வயரையும் தான், சென்சாரை கடைசில தான்.

இப்ப நீங்க என்ன செய்யணும்னா, அந்த ஒர்க்‌ஷாப்புக்கு போகாம ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க, போய் “எதையும் மாத்த வேண்டாம், செக் பண்ணி வோல்டேஜ் என்ன வருதுன்னு எழுதித் தாங்க, அதுக்கு தனியா காசு தாறேன்”னு சொல்லுங்க. இந்த வார்த்தை முக்கியம். செக் பண்றதுக்கு நாம காசு குடுக்க யோசிக்கிறோம், அதனால அவிய ஸ்பேர்ஸ் மாத்தி தான் சம்பாதிக்க வேண்டியிருக்கு, கடைசில நமக்கு தான் நஷ்டம். பக்கத்துல நின்னு பாருங்க.

காலைல, ராத்திரி பூரா நின்ன வண்டில, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணி ஸ்கேனர்ல ரயில் பிரஷர் சென்சார் வோல்ட்டை பாக்கச் சொல்லுங்க. பார் கணக்குல, அதாவது பிரஷரா வர்ற நம்பரை நம்ப வேண்டாம், கோடு விழுந்துட்டா சில ஈசிஎம் தானாவே ஒரு நம்பரை போட்டுக்கிடும். எஞ்சின் ஓடாதப்ப ரயில்ல பிரஷர் இருக்காது, அப்ப 0.5 வோல்ட் கிட்ட தான் வரணும். 4.9, 5ன்னு வந்தா சர்க்யூட்ல தான் கோளாறு, அது பிரஷர் இல்ல.

அடுத்து கப்ளரை கழட்டி மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு 5 வோல்ட் பின்னுக்கும் எர்த்து பின்னுக்கும் நடுவுல பாக்கணும், 4.8லேருந்து 5.2க்குள்ள வந்தா ரெண்டு வயரும் ஓரளவு ஓகே. வரலைன்னா அதே 5 வோல்ட் பின்னை பேட்டரி மைனஸ் வெச்சு பாருங்க, இப்ப 5 வந்துட்டுன்னா எர்த்து வயர் தான் போயிருக்கு, தேட வேண்டிய இடம் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் கப்ளர்ல சிக்னல் பின்னையும் எர்த்து பின்னையும் ஒரு சின்ன வயரால சேத்தா ஸ்கேனர்ல வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கணும். இறங்கிச்சுன்னா வயரும் நல்லாருக்கு, ஈசிஎம்மும் ஒழுங்கா படிக்குது, அப்பதான் சென்சார் மேலயும் அந்த பின்னு காண்டாக்ட் மேலயும் சந்தேகம் போகணும். 5 வோல்ட் பின்னை மட்டும் எதோடயும் சேக்கக் கூடாது, பல வண்டில அதே லைன்லேருந்து தான் வேற சென்சாருக்கும் கரண்ட் போகுது.

கடைசியா எல்லாத்தையும் மாட்டி, ஸ்கேனர்ல வோல்ட்டை பாத்துக்கிட்டே வயரை கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுட்டு வரணும், எஞ்சின் பிளாக்கை உரசுற இடம், கிளிப் விட்ட இடம், பேட்டரிக்கு கீழ. நம்பர் எந்த இடத்துல துள்ளுதோ அங்க தான் வியாதி. விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு இதவிட நல்ல வழி நான் பாக்கல. ஊசியால வயர் மேல குத்திப் பாக்க விடாதீங்க, அந்த ஓட்டை வழியா உப்புத்தண்ணி ஏறி நாளடைவுல அங்கேயே வயர் அரிச்சுப் போகும், கப்ளர் பின்பக்கமா மெல்லிசு பின்னு விட்டுப் பாக்கணும். இன்னொண்ணு, டீசல் ரயில்ல ஓடும்போது ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ பிரஷர் இருக்கும், எஞ்சின் ஓடும்போது அந்த பைப் நட்டை யாரும் லூஸ் பண்ணக் கூடாது, சீறுற டீசல் தோலுக்குள்ள பாய்ஞ்சிடும்.

ஈசிஎம் எப்ப போயிட்டுன்னு சொல்லலாம்? அதுக்கு வர்ற பவரும் எர்த்தும் சரியா இருந்து, மூணு வயரும் முழுசா இருந்து, அந்த 5 வோல்ட் லைன்ல இருக்கிற மத்த சென்சாரையும் கழட்டி விட்ட பிறகும் 5 வோல்ட் வரலைன்னா அப்ப யோசிக்கலாம். இதுல எதையாவது அளந்து பாத்தாவளான்னு அந்த ஒர்க்‌ஷாப்ல கேளுங்க.

குடுத்த 9,400க்கு முதல்ல தேதி போட்டு ஒரு லெட்டர் எழுதுங்க, பில் வேணும், பழைய சென்சார் வேணும், என்ன அளந்து சென்சார் போச்சுன்னு முடிவு பண்ணினீங்கன்னு எழுத்துல வேணும்னு கேளுங்க, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் தராம இருக்கிறதே முறையற்ற வணிகம்னு இருக்கு. பதில் இல்லைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, அதுலயும் முடியலைன்னா நாகர்கோவில்ல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம், நீங்க குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் வெச்சே ஆகணும்னும் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும். எலக்ட்ரீஷியன் எழுதித் தர்ற வோல்டேஜ் சீட்டு தான் அங்க உங்க சாட்சி, பத்திரமா வெச்சுக்கிடுங்க.

கேள்வி (தக்கலை): அண்ணே, கடையில “எலக்ட்ரிகல் பொருள் திரும்ப எடுக்கப்படாது”ன்னு போர்டு இருக்கு. வாங்கின சென்சார் முதல் நாளே வேலை செய்யலைன்னா நாம ஒண்ணும் கேக்க முடியாதா?

பதில்: கேக்கலாம் தம்பி. நாம தப்பா வாங்கிட்டு மாத்திக் கேக்குறது வேற, பொருளே பழுதா இருக்கிறது வேற. பழுதான பொருளை பில்லுல போட்டிருக்கிற காலத்துக்குள்ள, அப்படி ஒண்ணும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றதும் அதே சட்டத்துல முறையற்ற வணிகம் தான், போர்டு மாட்டினதால அது மாறாது. ஆனா பில் வேணும், அட்டைப்பெட்டியும் வேணும். வாங்கும்போதே பழைய சென்சார் உடம்புல இருக்கிற பார்ட் நம்பரும் புதுசுல இருக்கிறதும் ஒண்ணான்னு எழுத்து எழுத்தா பாருங்க, பெட்டில எம்ஆர்பியும் தயாரிப்பாளர் பேரும் விலாசமும் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தொடாதீங்க.

கேள்வி (மார்த்தாண்டம்): அண்ணா, எங்க பழைய பெட்ரோல் கார்ல எஞ்சின் சூடான பிறகு சிக்னல்ல நிக்கும்போது ஆயில் லைட் மினுக் மினுக்னு எரியுது. சும்மா ஆயில் பிரஷர் சுவிட்ச் தான், 300 ரூபா, அதுவரை ஓட்டுங்கன்னு சொல்லுகாவ. ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்கம்மா, நிறுத்திடுங்க. ரயில் சென்சார் கோளாறுன்னா வண்டி தான் நிக்கும், இது நிஜமாவே ஆயில் பிரஷர் குறைஞ்சிருந்தா பேரிங் போயி எஞ்சினே போயிடும். முதல்ல சமதளத்துல நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. ஆயில் அளவு சரின்னா அந்த சுவிட்ச்ல வர்ற ஒத்தை வயரை கழட்டி சாவியை ஆன் பண்ணச் சொல்லுங்க. சாதாரண ஒத்தை வயர் சுவிட்ச்னா லைட் அணையணும். அணையலைன்னா அந்த வயர் எங்கயோ பாடில உரசி எர்த்து ஆகுது. அணைஞ்சுதுன்னா சுவிட்சும் இருக்கலாம், நிஜமான பிரஷர் குறைவும் இருக்கலாம், இத லைட்டை வெச்சு சொல்லவே முடியாது, சுவிட்சை கழட்டிட்டு அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் (பிரஷர் அளக்குற மீட்டர்) மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஐடில்ல எவ்வளவு, 2000 ஆர்பிஎம்ல எவ்வளவுன்னு பாத்து கம்பெனி மேனுவலோட ஒப்பிடணும். கேஜ்ல சரியா வந்தா அந்த 300 ரூபா சுவிட்சை தாராளமா மாத்துங்க. கேஜ் இல்லைன்னு சொல்ற இடத்துல வண்டியை விடாதீங்க, கேஜ் இருக்கிற இடத்துக்கு டோ பண்ணி கொண்டு போங்க.